ஆறாம் தீ

அன்று காலை நான் தம்பி வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் மனைவி அவனுடைய வலது கையை மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலின் அடியில் புதுக் கொப்புளம். முந்தின நாள், செம்பு உருக்கும் மண்கலமான மூசைக்கு எண்ணெய்த் தீ கொடுத்தபோது ஒரு துளி தெறித்துவிட்டதாம்.

"ஆறு, ஆறு. ஆறித் தொலை சனியனே" என்று அவள் கொப்புளத்திடம் சொன்னாள். எங்கள் தெருவில் எல்லோரும் தீப்புண்ணோடு இப்படித்தான் பேசுவார்கள். ரசவாதிகளின் தெரு அது. உடம்பில் தழும்பு இல்லாதவர்கள் கைக்குழந்தைகளும் நானும்தான்.

"வாக்கா" என்றான் தம்பி. "இவ ஊதுற ஊதுக்குத் துருத்தியே வேண்டாம் போல. அஞ்சாம் தீக்கு இவளையே உக்கார வெச்சிடலாம்."

"உக்கார வை. உன்னோட நானும் எரிஞ்சு போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே குழி, வேலை மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு யாரும் பேசவில்லை. பால் பாத்திரத்தின் மூடி மட்டும் அடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்கும்போது வருகிற அமைதி அது. எனக்கு அமைதி பிடிக்கும். பக்கத்தில் ஆள் இருந்தும் பேச்சில்லாமல் ஒரு பகல் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பவள் நான். ஆனால் அந்த அமைதியில் உட்கார முடியவில்லை. நண்பகலில் தம்பி ஆறாம் தீயைத் தொடப்போகிறான். தொட்டவர்களில் வீடு திரும்பியவர்கள் குறைவு. எங்கள் அப்பா திரும்பவில்லை.

"அண்ணி, நீங்க சொன்னா கேப்பான்" என்றாள் அவள், அவன் முகம் கழுவப் போனதும்.

"சொல்லிப் பாத்துட்டேன்மா. அப்பா தொடங்கினத நான் முடிக்கணும்ங்கறான்."

"அப்பா தொடங்கினது இவனைத்தானே? அதை முடிச்சுக்கத்தான் போறானாக்கும்."

நான் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தேன்.

வேறு ஊர்களில் ரசவாதம் என்றால் ஈயத்தைப் பொன்னாக்குவது என்று நினைப்பார்களாம். எங்களுக்குப் பொன்மேல் ஆசை கிடையாது. நாங்கள் தேடுவது விழித்த செம்பை. சதுக்கத்துத் தூணின் உச்சியில் ஒரு கைப்பிடி அளவுக்கு அது இருக்கிறது. எண்ணெய் இல்லை, திரி இல்லை, சுடர் இல்லை. தானாக வெளிச்சம் தரும். மழையிலும் அணையாது. உலகத்தில் இருப்பது அந்த ஒரு துண்டுதான். மலைக்குள் சுரங்கம் வெட்டுகிறவர்கள் விளக்கு கொண்டுபோனால் உள்ளே தேங்கிய காற்று பற்றி வெடிக்கும். விளக்கில்லாமல் போனால் பாறை எங்கே என்று தெரியாது. சதுக்கத்துக்கு வரும்போதெல்லாம் அவர்கள் தூணை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் எங்கள் தெருவே உலை மூட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டைச் செய்தவளைக் கரிக்கைக்காரி என்போம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல வாழ்ந்தவள். அவளுக்குத் துருத்தி ஊதியவர் ஒருவர். ஐந்தாம் தீ முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வாளாம். அவள் சாகக் கிடந்தபோது அவர் காலைப் பிடித்துக்கொண்டு வழி கேட்டார். "ஐந்து தீயும் கண்டபின் ஆறு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. அவர் அதைக் கல்லில் வெட்டிப் பெரிய உலையின் நெற்றியில் பதித்தார்.

ஐந்து தீயும் அவருக்குத் தெரியும். வைக்கோல், விறகு, கரி, எண்ணெய், துருத்தி. ஆறாவது எது? கதவைச் சாத்திக்கொண்டு அவள் மூட்டிய தீ எது? எங்கள் ரசவாதத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

அந்த வரலாற்றைச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், ஐந்தாம் தீ அணைந்ததும், உலைக்கு எதிரே உள்ள கல்லில் உட்கார்ந்து பழைய முயற்சிகளையெல்லாம் நான் சொல்ல வேண்டும். செய்த தவறையே திரும்பச் செய்யாமலிருக்க. சொல்லத் தொடங்கிவிட்டால் வரலாற்றைத் தவிர வேறு ஒரு சொல் என் வாயில் வரக் கூடாது. கல்லை விட்டு எழவும் கூடாது. கடைசியில் "முடிந்தது" என்பேன். அதுவரை யாரும் மூசையைத் தொடக் கூடாது. சொன்ன மறுகணம், சூடு தணிவதற்குள், மூசை ஆறாம் தீக்குப் போகும். தோற்றால் தண்ணீர்த் தொட்டியில் போட்டு உடைத்துச் செம்பை எடுத்துக்கொள்வார்கள். தெருவில் என்னைப் 'பழங்கதை' என்று கூப்பிடுவது இதனால்தான்.

உலைக்கூடத்துக்குப் போனபோது வாசலில் ஒரே கூட்டம். நடுவில் கட்டை வண்டி. வண்டியில் இரண்டு எருது கனத்தில், தீ கக்கும் ஒரு சிறகுநாகம், கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு படுத்திருந்தது.

"யாரும் மூக்கைத் தொடாதீங்க" என்று நாகக்காரர் கூட்டத்தை விலக்கினார். "பாப்பாவுக்குச் சளி. தும்மினா நான் பொறுப்பில்ல."

"தும்மட்டுமே! அதுக்குத்தானே கூட்டி வந்திருக்கோம்" என்றார் உலைத்தலைவர். அவருக்கு ஒரு புருவம்தான் உண்டு. இன்னொன்றை ஏதோ ஒரு தீ கொண்டுபோய்விட்டது. என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "ஏம்மா பழங்கதை, இதுக்கு முன்னாடி யாராவது நாகத்தை வெச்சு செஞ்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

"பாத்தீங்களா! யாரும் செய்யாததைச் செய்யும்போது அது எப்படிப் பழைய தப்பா இருக்க முடியும்?"

"புதுத் தப்பா இருக்கலாமே" என்றாள் தம்பி மனைவி.

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், ஆனால் அவர் கண் தம்பியைத் தேடியது. நாகத்தின் வாய்க்கு எதிரே கிடுக்கியால் மூசையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவன் அவன். ஈரத் தோலால் தைத்த அங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். நாகத்தின் மூச்சுக்கு அது ஒரு காகிதம்.

உள்ளே துருத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. உலையின் வாய் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போயிருந்தது. தம்பி கொதிப்பைக் கண்ணால் அளந்து கையை உயர்த்தினான். துருத்திகள் நின்றன. அந்த நிறுத்தம் எப்போதும் காதை அடைக்கும். கூட்டம் உட்கார்ந்தது. நான் கல்லில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.

ஆறாம் தீ சூரியன் என்று நம்பியவர், தெரு முழுக்கக் கண்ணாடி பதித்து ஒரே இடத்தில் வெயிலைக் குவித்ததைச் சொன்னேன். மூசைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர் வரிசை வீடுகள் எரிந்தன. ஆறாம் தீ கோபம் என்று முடிவு செய்தவர் ஒருவர், உலைக்கு முன்னால் நின்று தொண்டை கட்டும்வரை அதைத் திட்டினார். கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், செம்பு கேட்டதாகத் தெரியவில்லை. ஆறாம் தீ காதல் என்றவர் மூன்று கல்யாணம் செய்துகொண்டு, மூன்று பேரிடமும் அடிவாங்கினார். இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். அன்றும் வந்தது. பிறகு சிரிப்பு வராத பகுதி. கடலடியில் எரியும் எண்ணெயைத் தேடிப் படகில் போன இரட்டையர். எரிமலை விளிம்பில் கயிற்றில் இறங்கியவர். அவர் உலைத்தலைவரின் அண்ணன். மின்னலைப் பிடிக்கக் கூரைமேல் மூசையோடு நின்றவர்.

அந்தக் கடைசி ஆள் எங்கள் அப்பா. வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான். "கூரையில் நின்றார், மின்னல் வந்தது, மூசை மிஞ்சியது." அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வரிக்குப் பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொள்வேன். யாரும் அதைக் கேட்டதில்லை.

இனி மிச்சம் கல்லிலுள்ள வாக்கியம்தான். அதைச் சொல்லிவிட்டு "முடிந்தது" என்றால் வேலை தீர்ந்தது. தம்பியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று தலையைத் திருப்பினேன். அவன் அங்கிக்குள் ஒரு கையை நுழைத்திருந்தான். மற்றக் கையின் கட்டைவிரலை வாயருகே வைத்து, தன்னை அறியாமல் ஊதிக்கொண்டிருந்தான்.

"ஐந்து தீயும் கண்டபின் ஆறு" என்றேன்.

சொல்லிய பிறகுதான் என் காதில் விழுந்தது.

ஆறு. ஐந்துக்கு அடுத்த எண் இல்லை. புண்ணிடம் சொல்கிற ஆறு. கொதிக்கிற பாலைப் பார்த்துச் சொல்கிற ஆறு. கோபக்காரனிடம், அழுகிற குழந்தையிடம் சொல்கிற ஆறு. அவள் எண்ணவில்லை. தீ முடிந்துவிட்டது, இனி ஆறு என்றாள். துருத்திக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவள் எந்தத் தீயையும் மூட்டவில்லை. சும்மா இருந்தாள். உலை தானாக ஆறும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்களோ ஐந்து என்று கேட்டதும் அடுத்த எண்ணுக்குத் தாவினோம். எந்த மூசையையும் ஆறவிட்டதில்லை. கொதிக்கக் கொதிக்க இன்னொரு தீக்குள் திணித்தோம், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கினோம்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்தினால் விதி முறியும். இன்னொருவரைக் கல்லில் உட்காரவைத்து "முடிந்தது" சொல்லச் சொல்வார்கள். வரலாற்றை மட்டுமே நான் சொல்லலாம். என் மனதில் இருந்ததோ இன்னும் நடக்காத ஒன்று.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உலையின் வெள்ளை மஞ்சளானது. மஞ்சள் ஆரஞ்சானது.

"ம்ம், சொல்லும்மா" என்றார் தலைவர். "ஒரு சொல்லுதானே பாக்கி?"

நான் அவரைப் பார்த்தேன்.

"மறந்துபோச்சா? 'முடிந்தது.' மு, டி..."

"அவங்களுக்கே மறந்துபோச்சுன்னா நாமெல்லாம் எங்க போறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சீக்கிரம் ஆகட்டும்ங்க, பாப்பாவுக்குக் கண்ணைச் சொக்குது" என்று நாகக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "தூங்கிட்டா இடி விழுந்தாலும் எழுந்திரிக்காது."

தலைவரின் ஒற்றைப் புருவம் மேலே போனது. "தம்பியைக் காப்பாத்த நாடகம் போடுறியா? இதுவும் வரலாறுதானா? வாயை மூடிட்டு உக்காந்திருக்கறது?" பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டார். அவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அவள் முடிந்தது என்று சொல்லவில்லை, எழவும் இல்லை, ஆகவே வரலாறு நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வரலாறு சொல்பவள் பேசாமலிருந்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றியதே இல்லை.

தம்பி அங்கியை உதறிவிட்டு என் எதிரே வந்து குந்தினான். அவன் முகத்தில் கோபமும் அவமானமும். கீழ்க்குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ற? எல்லாரும் என்ன நினைப்பாங்க? அக்கா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? நான் கேட்டு வாங்கின நாள் இது. சொல்லிடு. தயவுபண்ணி சொல்லிடு."

அவன் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்துக்கு எதிரே பேசாமலிருந்ததைப்போலக் கடினமான வேலை எதையும் நான் செய்ததில்லை. அவனுடைய வலது கையைப் பிடித்தேன். கட்டைவிரலைத் திருப்பினேன். வரலாற்றின் கடைசி வாக்கியத்தை இன்னொருமுறை சொன்னேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு.

"ஐந்து தீயும் கண்டபின்..."

நிறுத்தி, கொப்புளத்தின்மேல் ஊதினேன்.

"...ஆறு."

அவன் என்னைப் பார்த்தான். கையைப் பார்த்தான். திரும்பி உலையின் நெற்றியில் இருந்த கல்லைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டுகிற குழந்தையைப்போல அந்தச் சொல்லை ஒன்றிரண்டு தடவை மென்றான். பிறகு எழுந்து, மூலையிலிருந்த ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப்போய் உலையின் வாயில் அப்பத் தொடங்கினான்.

"டேய், என்னடா பண்ற?"

"வாயை அடைக்கறேன் தலைவரே."

"யார் வாயை?"

"உலை வாயை. உங்க வாயை அடைக்க இந்த மண்ணு பத்தாது."

வாய்ப்பூச்சு முடிந்ததும் அவன் கூட்டத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னான். பேச்சாளன் இல்லை அவன். "எண்ணு இல்லீங்க அது. ஆறுன்னா, ஆறச் சொன்னாங்க. அவ்வளவுதான்." சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். கூடம் முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, கல்லை அண்ணாந்து பார்த்தார்கள். தினமும் பார்க்கிற கல்.

தலைவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"அப்போ எங்க அண்ணன் எதுக்கும்மா செத்தான்? உங்க அப்பா?"

ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதற்காக இத்தனை பேர். நான் நினைத்தது சரியென்றால் அந்தச் சாவுகளெல்லாம் வெறும் சாவுகள். தவறென்றால் நாளைக்குத் தம்பி நாகத்தின் முன்னால் நிற்பான். எது நடந்தாலும் அவர் அழத்தான் வேண்டும். அது அவருக்குப் புரிந்திருந்தது. பிறகு தரையில், என் கல்லுக்குப் பக்கத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி. ஆறட்டும்" என்றார். "ஆறினா தெரிஞ்சிடப் போகுது."

அன்று பகல் கழிந்தது, இரவும் கழிந்தது. நான் எழவில்லை. எழ வேண்டிய அவசரம் வந்தபோது தம்பி மனைவி போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு சட்டியையும் கொடுத்து, "எல்லாரும் அந்தப்பக்கம் திரும்புங்க, வரலாறு நடக்குது" என்று அதட்டினாள். திரும்பினார்கள். ரொட்டி வந்தது, பால் வந்தது. செய்தி பரவிச் சுரங்கத்துக்காரர்கள் சிலர் வந்து பின்வரிசையில் குந்தினார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. உலை தன் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் அவ்வப்போது டக், டக்கென்று கேட்டது. நாகத்தின் குறட்டை அதற்குப் பதில் சொன்னது. தெருவே வேலை வெட்டி இல்லாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். தீயை மூட்டவும் அணைக்கவும் தெரிந்த அந்தக் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மடியில் கிடந்து துடித்தன. மெல்ல மெல்ல அவையும் அடங்கின.

காலையில் வெயில் சன்னல் வழியாகத் தரைக்கு வந்தபோது, தம்பி உலைச் சுவரில் கை வைத்தான். எடுக்கவில்லை. வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்குக்கா."

எச்சில் கூட்டி விழுங்கினேன்.

"முடிந்தது" என்றேன்.

மண்பூச்சை அவன் உடைத்தான். பழக்கத்தில் கிடுக்கியை எடுத்தான், அதைப் பார்த்தான், தூக்கி மூலையில் எறிந்தான். வெறுங்கையை உலைக்குள் விட்டான். அவன் மனைவி பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டாள். மூசை வெளியே வந்தது. சாம்பல் நிறம், சாதாரண மண்பாண்டம். சுத்தியலால் ஒரு தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து செம்பு அவன் கையில் விழுந்தது.

பழுப்பாக இருந்தது. வெயிலில் அதில் எதுவுமே இல்லை. பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி அதைக் குனிந்து பார்த்தான். பிறகு, அணையப் போகும் சுடருக்குக் கை மறைப்பதுபோல, மற்றக் கையால் மூடினான்.

விரல்களுக்கிடையில் வெளிச்சம் கசிந்தது.

முதலில் இளஞ்சிவப்பாக, விரல் ஓரங்களில். பிறகு கை முழுவதுமே உள்ளிருந்து எரிவதுபோல, எலும்பின் நிழலும் நரம்பும் தெரிய ஒளிர்ந்தது. அவன் கையை இன்னும் இறுக்கினான். வெளிச்சம் இன்னும் பிதுங்கியது. கூடத்தில் எழுந்த சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. இடி விழுந்தாலும் எழாத சிறகுநாகம் எழுந்து தும்மி, வாசலிலிருந்த தன் வண்டியையே எரித்தது. "ஐயோ, என் வண்டி!" என்று நாகக்காரர் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார்.

தம்பி மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். செம்பை அவள் பார்க்கவேயில்லை. அதை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவன் உள்ளங்கைகளை விரித்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். புதிதாக ஒரு கொப்புளமும் இல்லை. அவன் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் செம்பை உலைத்தலைவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கைகளிலிருந்த பழைய தழும்புகளெல்லாம் வெளிச்சத்தில் கோடு கோடாக எழுந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது.

"அண்ணன் இதைப் பாத்திருந்தா..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைவருக்குரிய பழைய குரலில் கத்தினார்: "என்ன வேடிக்கை? எல்லா உலையும் மூட்டுங்கடா! அஞ்சு தீ! அஞ்சே அஞ்சு!"

தெரு முழுக்கத் துருத்திகள் ஊதத் தொடங்கின. அவர் செம்பைப் பின்வரிசைக்கு எடுத்துப்போய் ஒரு சுரங்கத்துக்காரியின் கையில் வைத்தார். அவள் அதை நெற்றிக்கு நேரே பிடித்தாள். விளக்கைப் பொருத்திப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினாள். "உள்ள எடுத்துட்டுப் போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

"போ" என்றான் தம்பி. "எடுத்துட்டுப் போ. நானும் வரேன்."

இருவரும் மலைப்பக்கம் நடக்க, பின்னாலேயே தெரு திரண்டு போனது. கால் மரத்திருந்தது எனக்கு. கல்லை விட்டு எழுந்தேன், தள்ளாடினேன், பிறகு நானும் ஓடினேன்.